வாசியில்லாத் தொண்டு

திருச்சிற்றம்பலம்

தொண்டு செய்தல் நன்றோ தீதோ என்னும் வினா எச்சமயத்தார்க்கும் எழுவதன்று. நன்றென்பது எல்லார்க்கும் ஒப்ப முடிந்தது. ஆயின், தொண்டு என்று பெயரிட்டு நாம் செய்வன அனைத்தும் தொண்டேயாமோ என்னும் வினா எழுதற்பாலது. அவ்வினா எழாதவழித் தொண்டின் பெயரால் தன்முனைப்பே வளர்தல் கூடுமாகலின், அதனை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சி எமக்கு நேர்ந்தவாறு இது. புதுவையில் எம்பாற் சில ஆண்டு தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர் உளர், பிறப்பாற் கிறிஸ்தவர், மீனவர் குடியினர், பிரெஞ்சு மொழியும் கற்றவர். அவர் அண்மையில் எம் இல்லம் போந்து, "ஐயா, எங்கள் சபையார் சிலர் மடகாஸ்கர் தீவிற்குச் செல்கின்றனர். அங்கே ஒரு சிற்றூரில் இரண்டு கிழமை தங்கிப் பள்ளிக்கூடம் ஒன்றனைப் புதுக்கி, பிள்ளைகட்குப் பாடஞ் சொல்லி, செபக் கூட்டமும் நடத்தி மீள்வதாக ஏற்பாடு. என்னையும் அழைக்கின்றனர். செல்வது தக்கதா? தாங்கள் சைவர், ஆயினும் தங்களைக் கேளாது எதனையுஞ் செய்து பழகிலேன்" என்றார். யாம் உடனே விடை கூறிலேம். ஒரு திங்கள் தவணை கேட்டேம். அத்தவணையுள் எண்ணியவற்றையே ஈண்டு வரைகின்றேம்.

விரைந்து கூறத்தக்க விடைகள் இரண்டு உள. 'இஃது ஆள்பிடிக்கும் சூழ்ச்சியே. செல்லற்க' என்பது ஒன்று. 'நல்லெண்ணத்தாற் செய்வது எதுவாயினும் நன்றே. செல்க' என்பது மற்றொன்று. முன்னது பிறர் குறையைக் கண்டு நம் குறையை ஆராயாது விடுகின்றது. பின்னது எண்ணத்தை மட்டும் நோக்கிச் செயலையும் பயனையும் ஆராயாது விடுகின்றது. இரண்டனையும் ஒருபால் நிறுத்தி மேற்செல்வாம்.

அயல்நாட்டுச் சமயத் தொண்டர் புதுவைக்குப் புதியரல்லர். 1658இல் நிறுவப்பெற்ற பாரிசு அயல்நாட்டு மிசியோன் சபை 1776 முதல் இங்குப் பொறுப்பேற்று நின்றது. பாரிசு மாநகரில் பாக் தெருவிலுள்ள அச்சபையின் மடத்தில் முற்காலத்து ஒரு சடங்கு நிகழ்ந்து வந்தது. கீழ்நாடு செல்லும் இளம் பாதிரிமார் பலிபீடத்தின்முன் வரிசையாக நிற்பர். உற்றாரும் நண்பரும் ஒருவர்பின் ஒருவராகச் சென்று அவர்தம் பாதங்களை முத்தமிட்டு விடை கொடுப்பர். மீண்டுங் காண்டல் அரிதென்பது இருதிறத்தார்க்குந் தெரியும்; அவர் செல்வது வாழ்நாள் முழுமைக்குமாகலின். அங்ஙனம் வந்தோருள் மூசே, துப்புயி என்னும் இருவர் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855 முதற் புதுவையில் அச்சாயிற்று. துப்புயி பெண்மக்கட் கல்வியின்பொருட்டு 1844இற் கன்னியர் சபையொன்றனையும் இங்கு நிறுவினார். இவை நன்றியுடன் நினைத்தற்குரியன.

இவற்றுக்கு முன்னர் நிகழ்ந்த வேறொன்றும் உண்டு. 1748இல், ஆங்கிலேயர் இந்நகரை முற்றுகையிட்ட காலத்து, துய்ப்பிளேக்சு துரையின் ஆட்சியில் வேதபுரீசுவரர் திருக்கோயில் இடிக்கப்பட்டது. அக்காலத்து இங்கிருந்த ஏசு சபைப் பாதிரிமார் அதனை நெடுநாள் விழைந்திருந்தனர் என்பதனை ஆனந்தரங்கப் பிள்ளையவர்களின் நாட்குறிப்பாலறிகின்றோம். அப்புண்ணும் மறத்தற்குரியதன்று. அகராதி தொகுத்தோரும் வாழ்நாளை இந்நாட்டிற்குத் தந்தவரே. கோயிலிடிக்க விழைந்தோரும் அத்தகையரே. ஆகலின், நாளின் நெடுமை ஒன்றே தொண்டினைத் தூயதாக்காது என்பது முதற்கண் உணரற்பாலது.

இந்நாளிலோ முறை மாறிற்று. விமானப் பயணம் எளிதாயினமையின், நாள் வரையறுத்துக்கொண்டு செல்லுந் தொண்டு பெருவழக்காயிற்று. மேற்கூறிய பாரிசு சபையே இந்நூற்றாண்டில் துறவு பூணாத இளைஞரைச் சில திங்கள் முதல் ஈராண்டு வரை ஆசிய நாடுகட்கு அனுப்பி வருகின்றது. வேறு பல சபைகளோ ஒரு கிழமை, இரு கிழமை என்றே அனுப்புகின்றன. அமெரிக்க ஐக்கிய நாட்டினின்று மட்டும் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 16 இலட்சம் பேர் இங்ஙனஞ் செல்கின்றனர் என ராபர்ட் வுத்னோ என்னும் சமூகவியற் பேராசிரியர் இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் கணித்தார். அந்நாட்டாரைப் பின்பற்றி நம்மவரும் இப்பொழுது செல்லத் தலைப்பட்டனர் என்பதற்கு எம் மாணாக்கர் வினாவே சான்று.

இனிச் சித்தாந்த நெறிநின்று நோக்குவாம். 'பணி' என்னும் சொல்லே ஆழ்ந்த பொருளுடைத்து. செய்யுந் தொழிலும் பணி, மேலோர் இடும் ஏவலும் பணி, தலைதாழ்தலும் பணிதல். இம்மூன்றும் ஒருங்கு நின்றவழியே பணி நிரம்புவதாம். பிறர் ஏவல் கேளாது, தலையுந் தாழாது, தானே ஒன்றனைத் துணிந்து செய்வது தொழிலாகலாம், பணியாதல் யாங்ஙனம்? சரியை நெறியினைத் தாதமார்க்கம் என்று நம் ஆன்றோர் வழங்கியதன் கருத்தும் இதுவே. தாதன் என்பான் அடிமை. இன்னது செய்வேன் என்று முன்னரே முடிவுசெய்துகொண்டு வருபவன் அடிமையல்லன், ஆண்டானே.

நல்வினையினை நம் நூலோர் பசுபுண்ணியம், சிவபுண்ணியம் என இருதிறப்படுத்து உணர்த்துவர். 'யான் செய்தேன், இஃது என்னால் ஆயிற்று' என்னும் முனைப்பொடு செய்வது பசுபுண்ணியம். அதுவும் நல்வினையே, இன்பமும் புகழும் தந்து கழியும், ஆயினும் உயிரை மீட்டும் வினையிற் பிணிக்கும். செய்விப்பான் இறைவன், செய்கருவியே யான் என்று நின்று செய்வது சிவபுண்ணியம். புறத்தே நோக்குவார்க்கு இரண்டும் ஒரே செயலாய்த் தோன்றும். வேறுபாடு செய்வானது நிலையிலேயே உளது.

அந்நிலையினை அறிதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமன்றோ? அதனையும் சித்தாந்தமே தருகின்றது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று. படிகம் தன்னையடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறு போல. பத்து நாள் ஓரூரிற் சென்று தங்குவோன் எதனைச் சார்ந்து நிற்கின்றான்? தன் கூட்டத்தாரோடே உண்டு, தன் மொழியே பேசி, தன் ஊரார்க்குக் காட்டுதற்குப் படமெடுத்துத் திரிவானாயின், அவன் உடல் அயலூரிலும் சார்பு தன்னூரிலுமே உள்ளன. அவன் அவ்வூரின் வண்ணம் ஆகான். ஆகலின், எத்தனை நாள் தங்கினான் என்பதனினும் எதனைச் சார்ந்து நின்றான், எவர் ஏவலைக் கேட்டான் என்பதே தொண்டினை அளக்குங் கோல் என்பது எம் துணிபு.

திருவீழிமிழலையில் நிகழ்ந்த அருட்செயலைச் சைவர் யாவரும் அறிவர். நாடெங்கும் வற்கடம் வந்துற்ற காலத்து ஆளுடைய பிள்ளையாரும் ஆளுடைய அரசும் அத்தலத்திற் றங்கி அடியார்க்கு அமுதளித்தனர். இறைவன் நாடோறும் இருவர்க்கும் ஒவ்வொரு காசு படியாக வைத்தருளினான். அரசர் பெற்ற காசு வாசியின்றி மாறிற்று. பிள்ளையார் பெற்றதோ வாசி கேட்கப்பட்டமையின், அவர் திருமடத்து அமுது காலந்தாழ்ந்தது. வாசியாவது காசு மாற்றுங்கால் அதன் மதிப்பிற் குறைத்துக்கொள்ளும் வட்டம். அரசர் கைத்தொண்டு புரிவாராகலின் அவர் காசு வாசியற்றதாயிற்று என்பது சேக்கிழார் பெருமான் திருவுள்ளம். பிள்ளையார் பதிகம் பாடியபின் அவ்வாசியும் தீர்ந்தது. மழை பெய்து வளஞ் சுரந்தபின் இருவரும் அவ்வூர் நீங்கினர்.

ஈண்டு நோக்கற்பாலன இரண்டு. பெருமக்கள் இருவரும் அவ்வூரிற் சிலகாலமே தங்கினர். ஆயினும் அவர் நாளை வரையறுத்தது பஞ்சமேயன்றி அவர்தம் பயணத் திட்டமன்று. மற்றொன்று, கொடுக்கும் பொருள் நல்லதாயினும் அதன்கண் வாசி உண்டாதல் கூடும். அவ்வாசியால் முதற்கண் வருந்துவோர் பந்தியிற் காத்திருப்போரே. நம் தொண்டுகளிலும் இத்தகைய வாசி உண்டு. கொடுத்ததிற் பெருகிய பங்கு கொடுத்தவர்க்கே மீளுமாயின், எஞ்சியதன்றோ பெறுவார் கையிற் சேரும்?

இதனை யாம் கண்கூடாகக் கண்டதுண்டு. 26–12–2004இல் கடல் பொங்கிக் கரையூர்களை அழித்தபின், எம் இல்லத்திற்கு அணித்தாய மீனவர் குப்பமொன்றில் அயல்நாட்டு இளைஞர் பன்னிருவர் வந்து பத்து நாள் தங்கினர். ஒரே நிறச் சட்டையணிந்து, விடியலில் எழுந்து, வெயிலில் வியர்வை சொரிய உழைத்தனர். அவர் செய்தது யாதெனின், பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசியதே. குப்பத்தார்க்கு வேண்டியிருந்தவை வலையும், பழுதுற்ற படகுகளைச் செப்பனிடுதலும். சுவருக்கு வண்ணம் பூசுந் தொழிலாளர் அவ்வூரிலேயே நால்வர் வேலையின்றி இருந்தனர். குப்பத்து முதியவர் ஒருவர் எம்மிடம், "நல்ல பிள்ளைகள் ஐயா, குறை சொல்லக் கூடாது. ஆனால் அவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பதே எங்களுக்கு ஒரு வேலையாய்ப் போயிற்று" என்றார். யாம் நகைத்தேம், அவர் நகைத்திலர்.

அப்பன்னிருவருள் ஒரு பெண் இருந்தாள். வண்ணத்தின் நெடி அவளுக்கு ஒவ்வாமையால், பேரப்பிள்ளைகள் இருவரைக் கடலுக்குக் கொடுத்த கிழவி ஒருத்தியின் குடிசைத் திண்ணையில் முதல்நாளே அமர்ந்தாள். தமிழ் ஒரு சொல்லும் அறியாள். கிழவி வெங்காயத்தைக் காட்டினால் உரித்தாள். குடத்தைக் காட்டினால் நீர் முகந்தாள். கிழவி அழுதபோது அருகிருந்தாள். பத்து நாளும் அவள் செய்தது இதுவே. சுவரின் வண்ணம் உப்புக்காற்றால் ஈராண்டில் உதிர்ந்தது. கிழவியோ தான் இறக்குமளவும் எம்மைக் காணுந்தோறும், "அந்தப் பெண் கடிதம் போட்டாளா?" என்று கேட்பாள். பன்னிருவர்க்கும் நாள் ஒன்றே; எண்ணமும் ஒன்றே. ஒருத்தி மட்டும் ஏவல் கேட்டாள்.

இவ்வாசியினைக் கணக்கிட்டுக் காட்டியோர் கிறிஸ்தவருள்ளேயே உளர். 1998இல் மிட்ச் என்னும் புயல் மத்திய அமெரிக்காவிலுள்ள ஹொண்டுராஸ் நாட்டைப் பாழாக்கியபின் வட அமெரிக்கக் குழுக்கள் சென்று வீடு கட்டின. அதனை ஆராய்ந்த கர்ட் வெர் பீக் என்னும் கிறிஸ்தவப் பேராசிரியர், ஒரு குழு ஒரு வீடு கட்டுதற்குப் பயணச் செலவு உட்பட ஏறக்குறைய 30,000 டாலர் ஆயிற்றென்றும், உள்ளூர்க் கிறிஸ்தவ நிலையங்கள் அத்தகைய வீட்டினை 2,000 டாலரிற் கட்டினவென்றும் எழுதினார். ஒரு வீட்டின் செலவிற் பதினைந்து வீடு எழுந்திருக்கும். அப்புயலுக்கு முப்பது ஆண்டு முன்னரே, 1968இல், மெக்சிகோ நாட்டிற்குத் தொண்டு செய்யப் புகுந்த அமெரிக்க மாணவர் கூட்டத்தில் இவான் இல்லிச் என்னும் கத்தோலிக்கக் குரு எழுந்து, நல்லெண்ணம் மட்டும் கொண்டு வாராதீர்; காணவும் கற்கவும் வருக என்னுங் கருத்துப்பட இடித்துரைத்தார். தம் சபையாரின் குறையைத் தாமே எடுத்துரைத்த இவர்களது நேர்மை போற்றற்குரியது.

அந்நேர்மை நம்மிடத்தும் உண்டோ என வினாவுவோமாயின், யாம் முதற்கண் எம் குற்றத்தைச் சொல்லக் கடவேம். பல ஆண்டுகட்கு முன் யாமும் அடியார் நாற்பதின்மரும் பேருந்து அமர்த்திக்கொண்டு, ஒரு சிற்றூர்ச் சிவாலயத்திற்கு ஞாயிற்றுக்கிழமையன்று உழவாரப்பணி செய்யச் சென்றேம். அக்கோயிலில் நெடுங்காலமாக விளக்கேற்றி வந்த முதியவர் ஒருவர் இருந்தார். புற மதிலுக்குச் சுண்ணம் அடிக்கத் தொடங்கியபோது அவர் ஏதோ சொல்ல வந்தார். யாம், "பொழுது சாய்கின்றது, பேருந்து புறப்பட வேண்டும்" என்று கூறி அவரை விலக்கினேம். அடித்து முடித்துப் படமும் எடுத்துக்கொண்டு மீண்டேம். பின்னர்க் கல்வெட்டாராயும் நண்பர் ஒருவர் அங்குச் சென்று வந்து, எம் சுண்ணத்தின்கீழ் எழுத்துக்கள் மறைந்து கிடத்தலை எமக்குணர்த்தினார். முதியவர் சொல்ல வந்தது அதுவே. சில திங்களில் நெருஞ்சியும் முன்போல் மண்டிற்று. யாம் களைக்கொட்டு ஒன்றனையேனும், விளக்கிற்கு எண்ணெயேனும் அவர்பால் வைத்து வந்தேமல்லேம். நாவுக்கரசர் ஏந்திய படையின் பெயரைச் சொல்லி, அவர்தம் பணிவினை மறந்தேம். மேனாட்டு இளைஞர் பள்ளிச் சுவருக்குச் செய்ததற்கும் யாம் கோயிற் சுவருக்குச் செய்ததற்கும் வேறுபாடு யாது? அவர்கள் எழுத்தினை அழித்திலர் என்பதே.

அற்றேல், பசித்தவன் கையிற் சோறு விழுங்கால் இட்டவன் உள்ளத்தை ஆராய்தல் எற்றுக்கு எனின், பசித்தவன் ஆராய வேண்டா; இடுவோனே தன்னை ஆராய்தல் வேண்டும் என்க. அன்றியும், நாள் குறைவாயினும் நிறைந்த தொண்டுகள் உள. கண் மருத்துவர் ஒருவர் இரண்டு நாள் வந்து உள்ளூர் மருத்துவர் வேண்டிய வண்ணம் படலமகற்றிச் செல்வாராயின், அதன்கண் வாசி இல்லை. வேண்டுவது இன்னதென்று உணர்ந்து அழைத்தவர் உள்ளூரார். அவர்க்கியலாத ஒன்றனைச் செய்தவர் வந்தவர்.

செல்வோரது உள்ளம் விரிவடைதலும் ஒரு பயனன்றோ எனின், ஆம், பெரும்பயனே. ஆயின் அதனை யாத்திரை என்றும் கல்வி என்றும் அழைத்தல் வேண்டும். மாணாக்கன் கற்க வருவான். கற்பித்த ஊர்க்கு நன்றியும் காணிக்கையும் உடையனாவான். தான் பெற்றதற்குத் தொண்டு எனப் பெயரிட்டுப் பெற்ற ஊரையே கடன்பட்டதாக எண்ணுதல் முறையன்று.

இனி, சமயம் பரப்புதல் பற்றிச் சிறிது கூறுதும். அறம் செய்யுமிடத்துச் செபத்தையும் உடன் வைத்து, இது கொள்வார்க்கு அது என நிற்பது தூண்டிலிரை போல்வது. இரையும் மீனுக்கு உணவே. ஆயினும் எறிந்தவன் அதனை உணவாக எறிந்திலன். சமயத்தைப் பரப்பும் உரிமை பிறனை மதம் மாற்றும் உரிமையாகாது என்று நம் உச்சநீதிமன்றமும் 1977இல் தீர்ப்பளித்தது. சித்தாந்தமோ இதனினும் ஆழ்ந்து நோக்குகின்றது. இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்திச் சத்திநிபாதம் பதிந்தவழியே உயிர்க்குக் குருவருள் கிட்டுவதாம். அப்பக்குவம் விமானச் சீட்டின் நாளுக்கு அடங்கி வருவதன்று. காயைத் தடிகொண்டு அடித்து உதிர்ப்பவன் கனி தந்தவன் ஆகான். இறைவன் எவர் எவ்வடிவிற் கண்டு வழிபடினும் அவ்வடிவில் நின்று அருள்வான் என்னும் நம் கொள்கை மெய்யாயின், அயலார் ஊரில் இறைவன் இல்லையென்று கருதிச் சென்று அவனைக் கொண்டு சேர்ப்பதாக எண்ணுதல் எவர்க்கும் தகாது, சைவர்க்கும் தகாது.

கற்பிக்க வந்து கற்றுக்கொண்டோரையும் நாம் அறிவோம். அமெரிக்கப் பாதிரியாராகிய ஹாய்சிங்டன் யாழ்ப்பாணத்தில் நம் சாத்திரங்களைப் பயின்று சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854இல் வெளியிட்டார். 1839இற் றமிழகம் வந்த போப்பையர் தம் 80ஆம் அகவையில், 1900இல், திருவாசகம் முழுவதனையும் ஆங்கிலத்தில் ஆக்கித் தந்தார். இவர்தம் கொள்கை நம் கொள்கையன்று. மொழிபெயர்ப்பிற் கருத்து வேறுபாடுகளும் நமக்குண்டு. எனினும் கொடுக்க வந்த கை ஏற்கவும் நீண்டது. தலை சிறிது தாழ்ந்தது. அத்தாழ்விலேதான் அவர்தம் பணி நிலைபெற்றது.

ஒரு திங்கள் கழிந்தபின் எம் மாணாக்கரை அழைத்து யாம் கூறிய விடை இது: "செல்க என்றும் கூறேம், செல்லற்க என்றும் கூறேம். முதலில் அச்சிற்றூரார்க்கு ஒரு கடிதம் எழுதுக; நாங்கள் வருதலால் உங்களுக்கு ஆவது யாது, எங்கள் பயணச் செலவை உங்கள் கொத்தனார்க்கே அனுப்பினால் நலமா என்று கேட்க. பிரெஞ்சு மொழி தெரியும் என்று அமைதி கொள்ளற்க. 1960 வரை அத்தீவை ஆண்டோர் மொழி அது. தாய்மார் தாலாட்டும் மொழி மலகாசி. அதில் நூறு சொல்லேனும் கற்க. கொடுக்குமிடத்துச் செபத்தை வைக்கற்க. உம் செபம் உம் அறையில் நிகழ்க. அவர் இட்டதைச் செய்க, இடாததைச் செய்யற்க. மீண்டபின், கொடுத்ததைப் பேசாது கற்றதைப் பேசுக."

அவர் சிறிது நேரம் எண்ணியிருந்து, "ஐயா, வரவேண்டா என்று அவர்கள் எழுதிவிட்டால்?" என்றார். "அதுவும் ஓர் ஏவலே, கேட்டு நிற்றலும் பணியே" என்றேம்.

அவர் சென்றபின், பிறர்க்கு உரைத்ததனைத் தாம் செய்யாதிருத்தல் நாணத்தக்கதாகத் தோன்றிற்று. மேற்கூறிய சிற்றூர்க் கோயிலின் முதியவர்க்கு யாமும் ஓர் அஞ்சலட்டை எழுதி, எம் பிழை பொறுக்குமாறு வேண்டி, ஆகவேண்டுவது யாதெனக் கேட்டேம். அவர் இன்னும் உளரோ என்னும் ஐயமும் இருந்தது. பத்து நாளில் விடை வந்தது, இரண்டே வரி. இலுப்பெண்ணெய் வேண்டும் என்பது ஒன்று. மாதம் ஒருவர் வந்தாற் போதும், நாற்பது பேர் வேண்டா என்பது மற்றொன்று.

வருகின்ற பிரதோடத்தன்று யாம் தனியே செல்லவிருக்கின்றேம். அன்பர்களும் தத்தம் தொண்டின்கண் வாசி யாதென ஆராய்ந்து, அதனைத் தீர்க்குமாறு இறைவனை வேண்டி, ஏவல் கேட்டு நிற்பார்களாக. திருவருள் முன்னிற்க.

திருச்சிற்றம்பலம்